நயாகராவுக்காகப் போட்ட கையெழுத்து

கவின் கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, இந்த பிஆர் ஃபார்ம்ல, இதுக்கு முன்னாடி நீ கனடால பர்மனென்ட் ரெசிடென்ட்டா இருந்திருக்கியான்னு கேக்கறான். நோ தானே?" நான் உடனே, "சாப்டியாடா?" என்றேன். சாப்பிட்டதாகச் சொன்னாய். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். நீ பொறுமையாக அதற்கும் பதில் சொல்லிவிட்டு மறுபடியும் அதே கேள்விக்கு வந்தாய். குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை. அப்பா சோபாவில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லிடு. அவன் நோன்னு போட்டுட்டா அதுவும் தப்பாயிடும்," என்றார். அவர் எப்போதும் இப்படித்தான், சரியான விஷயத்தைச் சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவார்.

ஆகவே அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று போட்டுவிடாதே. பதில் 'ஆமாம்'. நீ எட்டு வயதில் கனடாவின் நிரந்தரவாசியாக ஆனாய். பதின்மூன்று வயதில் அந்த உரிமை உன்னைவிட்டுப் போனது. அது தானாகப் போகவில்லை. நான் கையெழுத்துப் போட்டுப் போக்கினேன். எப்படி, எதற்காக என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதைத் தமிழில் எழுதுவதற்காக நீ என்னைத் திட்டலாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் நிலையோடு நீ நின்றுவிட்டாய், இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். மெதுவாகவே படி. வேகமாகப் படித்தால் பாதியிலேயே கோபம் வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதலாம் என்று ஆரம்பித்துப் பார்த்தேன். இரண்டு பத்தி ஆனதும், தாமதத்துக்கு வருந்துகிறேன் என்று ஆபீஸில் வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சல் மாதிரி வந்தது. அழித்துவிட்டேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன் வாயிலிருந்தே ஆரம்பிக்கிறேன். டெக்சஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்துக் கேட்டிக்கு நாம் வந்தபோது உனக்கு ஐந்து வயது. குழாய் வடிவமைப்பு இன்ஜினியர் வேலைக்கு என்னை எடுத்தார்கள், என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நீயும் அப்பாவும் வந்தீர்கள். அம்பத்தூரில் வாயாடி என்று பெயர் வாங்கிய நான், இங்கே வந்து ஊமையானேன். டிரைவ் த்ரூவில் அந்த ஒலிபெருக்கியிடம் நான் தண்ணீர் கேட்டால் அது மூன்று முறை 'ஸாரி?' என்று கேட்கும். நான்காவது முறை நீ பின் சீட்டு ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, ஒரே தடவையில் சொல்லிவிடுவாய். ஆறு வயதில் நம் வீட்டின் வாய் நீதான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த நான்கே மாதத்தில் டெக்சஸ்காரனாகிவிட்டாய். எங்களை எல்லாரையும் சேர்த்து 'யால்' என்று கூப்பிடுவாய். டீச்சர் உன்னைக் கெவின் என்று மாற்றினாள், நீயும் மறுபேச்சுப் பேசாமல் கெவின் ஆனாய்.

காலையில் பள்ளியில் சொல்லும் கொடி உறுதிமொழியை வீட்டில் ஒத்திகை பார்ப்பாய். வலது கையை நெஞ்சில் வைக்க வேண்டும், முதலில் அமெரிக்கக் கொடிக்கு, அப்புறம் டெக்சஸ் கொடிக்கு. நான் தோசை வார்த்துக்கொண்டிருப்பேன். "அம்மா, நீயும் வெக்கணும். ஸ்டாண்ட் ஸ்ட்ரெய்ட்!" என்பாய். கையில் தோசைத் திருப்பியோடு நானும் நெஞ்சில் கை வைத்து நிற்பேன். கொடி என்று நீ காட்டியது நம் ஃப்ரிட்ஜ் கதவை. அதில் நீ வண்ணம் தீட்டிய காகிதம் ஒட்டியிருந்தது. அப்படிப் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் தினமும் பள்ளியில் நின்று சொல்லியிருக்கிறாய். இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

உனக்கு எட்டு வயதாக இருந்தபோது, எங்கள் கூட்டத்தில் எல்லாரும் கனடாவுக்கு விண்ணப்பம் போட்டார்கள். போவதற்காக யாரும் போடவில்லை. அமெரிக்காவில் ஏதாவது ஆகிவிட்டால் கையில் ஒன்று இருக்கட்டும் என்று போட்டார்கள். நானும் போட்டேன், கிடைத்தது. கிடைத்தால் ஒருமுறை நேரில் போய் அந்த மண்ணில் இறங்கி முத்திரை வாங்க வேண்டும். அதற்கு லேண்டிங் என்று பெயர். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை டொரண்டோவுக்குப் பறந்து, திங்கட்கிழமை திரும்புவதாகத் திட்டம். ஹூஸ்டனில் வாங்கிய குளிர் கோட்டு அங்கே எதற்கும் உதவாது என்று வாசலைத் தாண்டியதும் தெரிந்தது. ஆனால் அதற்கு முன்னால் இமிக்ரேஷன் அறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கவுண்டரில் ஒரு பெண் அதிகாரி இருந்தாள், என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். எங்கே தங்கப்போகிறீர்கள் என்று கேட்டாள். ஸ்கார்பரோவில் என் கல்லூரித் தோழி வாடகைக்கு இருந்த வீட்டு முகவரியைச் சொன்னேன். வீட்டுச் சாமான்கள் எப்போது வரும் என்று கேட்டாள். பின்னால் வரும் என்றேன். திங்கட்கிழமை டிக்கெட் என் கைப்பையில் இருந்தது. அவள் முத்திரை குத்தினாள். ஏதோ தாளைத் தேடிக் கொஞ்சம் நேரமானதற்கு இரண்டு முறை ஸாரி சொன்னாள். பிறகு எட்டிப் பார்த்தாள், நீ கவுண்டர் உயரத்துக்குக் கூட இல்லை. "வெல்கம் ஹோம், ஸ்வீட்டி," என்று உன்னைப் பார்த்துச் சொல்லி, ஒரு சின்னக் காகிதக் கொடியைக் கையில் கொடுத்தாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அம்மா, ஹோம்னு ஏன் சொல்றாங்க? நம்ம ஹோம் கேட்டிலதானே?" என்று கேட்டாய். "அவங்க சும்மா சொல்றாங்கடா, நீ வா," என்றேன்.

அந்தக் கொடியை மூன்று நாளும் நீ கீழே வைக்கவில்லை. திங்கட்கிழமை திரும்பும்போது டொரண்டோ விமான நிலையத்திலேயே அமெரிக்க இமிக்ரேஷன் வரிசையில் நின்றோம். அவர்கள் பார்த்தால் நூறு கேள்வி கேட்பார்கள் என்று பயந்து, அதை உன் கையிலிருந்து பிடுங்கி என் கைப்பையின் அடியில் திணித்தேன். நீ அழவில்லை, உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாய். அமெரிக்க அதிகாரி எங்களைப் பார்த்து வெல்கம் ஹோம் என்று சொல்லவில்லை. எத்தனை வருஷம் இருப்பீர்கள், யார் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு விட்டார். எனக்கு அப்போது அது குறையாகவே தெரியவில்லை.

இப்போது என் வெட்கத்தைச் சொல்கிறேன். கேட்டியில் யார் வீட்டில், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோகும் பாட்லக்குக்குப் போனாலும் அந்த அதிகாரி மாதிரிப் பேசிக் காட்டுவது என் வேலையாயிற்று. "ஏய், அந்தக் கனடாக்காரி மாதிரிப் பண்ணேன்," என்று கேட்பார்கள். நான் தாம்பூலத் தட்டைக் கவுண்டராக வைத்துக்கொண்டு, ஸாரியை இழுத்து, வாயைக் குவித்து, 'வெல்கம் ஹோம், ஸ்வீட்டி' என்று முடிப்பேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கனடா என்றாலே குளிர், மேப்பிள் சிரப், ஹாக்கி, ஸாரி, இவ்வளவுதான் எனக்கு. மீட்டிங்கில் 'இன்னொரு தடவை சொல்ல முடியுமா?' என்று தினம் கேட்கப்பட்ட எனக்கு, கிண்டல் செய்ய ஒரு உச்சரிப்பு கிடைத்ததில் என்ன சந்தோஷம் பார்! ஒருமுறை ஆபீஸ் சாப்பாட்டு அறையில் அதையே செய்தேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் பக்கத்து மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கனடாவின் ரெஜைனாவிலிருந்து வந்தவர் என்று எனக்குத் தெரியாது. "எங்கம்மா அப்படித்தான் பேசுவாங்க," என்று சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார். நானும் சிரித்தேன். அடுத்த வாரப் பாட்லக்கிலும் அதைச் செய்தேன்.

கனடாவின் நிரந்தரவாசி அட்டை வந்து சேர்ந்தது. ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷமாவது அங்கே வாழ்ந்தால்தான் அந்த உரிமை நிலைக்கும். முதல் வருஷம் அப்பா கேட்டார், போகலாமா என்று. வேலை நன்றாக இருக்கிறது என்றேன். இரண்டாம் வருஷம் உன் தங்கை யாழினி பிறந்தாள், இங்கே பிறந்ததால் பிறந்த அன்றே அமெரிக்கப் பிரஜையானாள். மூன்றாம் வருஷம் எனக்கு கிரீன் கார்டுக்கு கம்பெனி கோப்புப் போட்டது, இனி எதற்குக் கனடா என்றேன். நான்காம் வருஷம் அப்பா கேட்கவில்லை. அட்டை என் நகைப்பெட்டியில் தோட்டுக்கும் வளையலுக்கும் நடுவில் கிடந்தது. அது காலாவதியான தேதியைக்கூட நான் பார்க்கவில்லை.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. காலாவதியான அட்டை வேறு, போன உரிமை வேறு என்று பிறகுதான் ஒரு வக்கீல் சொன்னார். அட்டை செத்தாலும் உரிமை பேருக்காவது உயிரோடு இருந்திருக்கும். உனக்கு, அதுவும் குழந்தையாக இருந்ததால், ஒரு வழி கேட்டுப் பார்த்திருக்கலாமாம். அந்த வழியை நான் எப்படி அடைத்தேன் தெரியுமா? உனக்குப் பதின்மூன்று வயது. நீண்ட வார விடுமுறை ஒன்றுக்கு நாலு குடும்பமாகச் சேர்ந்து நயாகரா போகத் திட்டம் போட்டோம். "அமெரிக்கா பக்கத்துல இருந்து பாத்தா ஒண்ணுமே இல்ல. கனடா பக்கம் போனாத்தான் வ்யூ!" என்று எல்லாரும் சொன்னார்கள். கனடாவிடம் சுற்றுலா விசா கேட்டோம். நீங்கள்தான் எங்கள் நிரந்தரவாசிகள் ஆயிற்றே, உங்களுக்கு எப்படிச் சுற்றுலா விசா தருவது, முதலில் அதை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஃபாரம் வந்தது. எனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும்.

சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் போட்டேன். நீ எதிரில் உட்கார்ந்து அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருந்தாய். "வாட்ஸ் தட்?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்லடா, டூருக்கு ஒரு ஃபார்ம்," என்றேன். என் கையெழுத்துக்குக் கீழே, குழந்தைக்கு என்ன உறவு என்று கேட்ட இடத்தில் தாய் என்று எழுதினேன். காரணம் என்று ஒரு கோடு இருந்தது. 'விருப்பமில்லை' என்று எழுதினேன். உன் விருப்பத்தை நான் கேட்கவே இல்லை, கவின். நயாகராவில் மூன்று மணி நேரம் இருந்தோம். மழைக் கோட்டு போட்டு நனைந்து, படம் எடுத்து, கொண்டு போன புளியோதரையைப் பூங்கா பெஞ்சில் சாப்பிட்டுவிட்டு வந்தோம். வ்யூ நன்றாகத்தான் இருந்தது.

மற்றது உனக்குத் தெரியும். மற்ற பிள்ளைகளுக்கு இருபத்தொன்று என்றால் கேக், நண்பர்கள், முதல் பீர். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் அது வேறு மாதிரிப் பிறந்தநாள். அந்தத் தேதிக்கு முன்னால் என் கிரீன் கார்டு வரவில்லையென்றால், நீ என் குழந்தை என்ற கணக்கிலிருந்து விழுந்துவிடுவாய். வரிசை நகரவில்லை. எந்தத் தேதிக்காரர் முறை என்று அரசாங்கம் மாதாமாதம் போடும் அட்டவணையைத் திறந்து பார்ப்பேன், சில மாதம் பின்னாலேயே போகும். நீ விழுந்தாய். மாணவர் விசா எடுத்துப் படிப்பை முடித்தாய். நீ படித்தது பிசினஸ் என்பதால் ஒரு வருஷம்தான் வேலை பார்க்க அனுமதி. அதற்குள் வேலை விசாவுக்கான லாட்டரியில் பெயர் விழவில்லை. "அம்மா, இட்ஸ் ஓகே. கனடால, கால்கரில ஒரு ஆஃபர் இருக்கு," என்றாய். ஐந்து வயதிலிருந்து இங்கே வளர்ந்த பிள்ளை, இரண்டு பெட்டியோடு ஹூஸ்டன் விமான நிலையத்தில் நின்றாய். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். தெர்மல் உள்ளாடையை மறக்காமல் போடு என்று சொன்னேன்.

அங்கே உன்னை எல்லாரும் டெக்ஸ் என்று கூப்பிடுகிறார்கள் என்று நீ சிரித்துக்கொண்டு சொன்ன அன்று நானும் சிரித்தேன். வீட்டில் எத்தனை துப்பாக்கி, குதிரை ஓட்டத் தெரியுமா என்று கேட்கிறார்களாம். பக்கத்து வீட்டு பொமரேனியனைப் பார்த்து ஓடியவன் நீ! எந்த ஊரில் இருக்க உனக்கு ஒரு காகிதம் கிடைக்கவில்லையோ, அந்த ஊரின் பெயரை உன் தலையில் ஒட்டிவிட்டார்கள். கொஞ்ச நாளில், அமெரிக்கா வரி போட்ட பிறகு, அங்கே அமெரிக்கா மேல் கோபம் ஏறியது. கடைகளில் எது அமெரிக்கச் சாமான் என்று பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று செய்தியில் பார்த்தேன். அப்போதும் டெக்ஸ் என்ற பெயர் மாறவில்லை, சொல்கிற தொனிதான் மாறியது என்று நீ அப்பாவிடம் சொன்னதாக அறிந்தேன். என்னிடம் சொல்லவில்லை.

அந்த ஹாக்கி மேட்ச் பற்றி மட்டும் என்னிடம் சொன்னாய். ஆபீஸ் நண்பர்களோடு போயிருந்தாய். அமெரிக்க அணி ஒன்று விளையாட வந்ததால் இரண்டு தேசிய கீதமும் பாடினார்கள். அமெரிக்க கீதம் ஆரம்பித்ததும் அரங்கமே ஏளனமாக 'பூ' என்று கத்தியது. "அம்மா, எல்லாரும் கத்தறாங்க, என் கை தானா மேல போயிடுச்சு. ஐ டிட்ன்ட் ஈவன் நோ. நெஞ்சுல கை வெச்சு நின்னுட்டு இருக்கேன்." பின்னால் இருந்தவர், தப்பான நாட்டில் நிற்கிறாய் தம்பி என்கிற மாதிரி ஏதோ சொல்ல, உன் நண்பர்களும் சிரித்தார்கள். கையைக் கீழே இறக்கி ஜாக்கெட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாய். "தட் ஆன்தம் இஸ்ன்ட் ஈவன் மைன், அம்மா," என்றாய். ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நீ என்னை நிமிர்ந்து நிற்கச் சொன்னது ஞாபகம் வந்தது. சாப்பிட்டாயா என்றுதான் அன்றும் கேட்டேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நீ போனில் ஏதோ பேசிக்கொண்டே வந்தவன், நடுவில் ஒரு ஸாரி சொன்னாய். சுத்தமான கனடா ஸாரி. யாழினி பக்கத்தில் இருந்து, "அண்ணா ஸவுண்ட்ஸ் ஸோ கனேடியன்!" என்றாள். பழக்க தோஷம் கண்ணா, பதினைந்து வருஷப் பழக்கம். நான் வாயைக் குவித்து இழுத்து, "ஸாரீ! வெல்கம் ஹோம், ஸ்வீட்டி!" என்றேன். யாழினி சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாய்: "அம்மா, ப்ளீஸ். ஏதாவது ஒரு ஊர்க்காரன் மாதிரி நான் பேசித்தானே ஆகணும்?" அதன் பிறகு பத்து நாள் நீ கூப்பிடவில்லை. கூப்பிட்டபோது அந்த ஃபாரம் கேள்வியோடு கூப்பிட்டாய்.

யோசித்துப் பார். பத்து நாள் கோபத்தை விழுங்கிக்கொண்டு நீ என்னிடம் கேட்ட ஒரே உதவி, அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்பது. அதற்கான பதில் என் கையெழுத்து. இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அறியாமல் செய்துவிட்டேன் என்று எழுதலாம், ஆனால் எனக்கு ஃபாரம் படிக்கத் தெரியும், ஆபீஸில் அதுதான் என் பிழைப்பு. நூறு பக்க வரைபடத்தில் ஒரு வால்வு இடம் மாறியிருந்தால் கண்டுபிடிப்பேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் டூர் ஞாபகத்தில் படிக்காமல் போட்டேன். படித்திருந்தாலும் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். உனக்கு அந்த நாடு தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ அமெரிக்கன் என்று உன் ஸ்கூல் டீச்சரைவிட நான்தான் அதிகம் நம்பியிருந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உனக்குச் சொல்ல அப்பாவுக்கும் தைரியம் இல்லை. எங்கள் கிரீன் கார்டு வந்துவிட்டது. நீ அந்த ஸாரி சொன்ன அதே வாரம், தபால் பெட்டியில், பீட்சா கூப்பனுக்கு நடுவில் இரண்டு உறைகள் கிடந்தன. ஒன்று எனக்கு, ஒன்று அப்பாவுக்கு. நான் இரண்டையும் கிழித்துப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். மூன்றாவது இருக்காது என்று தெரிந்தும்தான் துழாவினேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை, பாயசம் வைக்கவில்லை. உறையோடு அதை அதே நகைப்பெட்டியில் வைத்தேன். நம் வீட்டில் இப்போது நீ ஒருவன்தான் இந்த நாட்டில் இருக்க முடியாதவன், யாழினியை விட்டால் இந்த நாட்டுக்காரன் மாதிரிப் பேசுகிறவனும் நீ ஒருவன்தான். நானும் அப்பாவும் டிரைவ் த்ரூவில் இன்னும் தண்ணீருக்கு மூன்று முறை கத்துகிறோம். ஐந்து வருஷம் கழித்து அதே வாயால் பிரஜை உறுதிமொழி எடுப்போமாம். அந்த மண்டபத்தில் நான் எப்படி நிற்கப்போகிறேன் என்று தெரியவில்லை.

இப்படிப்பட்ட கடிதத்தில் பெற்றவர்கள் புத்திமதி சொல்வார்கள். நான் என்ன சொல்ல? நீ டெக்சஸ்காரன், அதை விடாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை, அந்த டெக்சஸ் உன்னை விட்டுவிட்டது. கனடாக்காரனாகிவிடு என்று சொல்லலாம் என்றால், அது உன் கையில் ஒரு கொடியாக இருந்தபோது நான்தான் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். இந்தியனாக இரு என்று சொன்னால் நீயே சிரிப்பாய். போன முறை சென்னையில் ஆட்டோக்காரர் உன்னை, "ஃபாரினா சார்?" என்று கேட்டு இரண்டு மடங்கு கேட்டாரே. ஒரு வக்கீலைப் பார்க்கலாம், பணம் அனுப்புகிறேன் என்று சொல்ல முடிகிறது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் முடியவில்லை. கை கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

உன் ஃபாரத்துக்குத் தேவைப்படும் என்று அந்தப் பழைய லேண்டிங் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எட்டு வயதுப் போட்டோ மூலையில் இருக்கிறது, முன்பல் இரண்டும் இல்லாமல். தேதியும் எண்ணும் அதில் தெளிவாக இருக்கின்றன. விட்டுக்கொடுத்த ஃபாரத்தின் நகலும் இருக்கிறது. 'ஏன்?' என்று அவர்கள் கேட்டால், அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, என் தாய் கையெழுத்திட்டாள் என்று எழுது. சமாளித்து எழுதாதே. என்னைக் காப்பாற்றும் விதமாக ஒரு வார்த்தை கூடச் சேர்க்காதே. அந்தக் கொடி மட்டும் கிடைக்கவில்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டேன், அந்தக் கைப்பையை எப்போது தூக்கிப் போட்டேன் என்றுகூட ஞாபகம் இல்லை. நீ அன்றைக்குக் கேட்டதற்கும் இப்போதாவது சரியான பதில் சொல்கிறேன்: அந்த அம்மாள் சும்மா சொல்லவில்லை கண்ணா. அவள் மனதாரச் சொன்னாள். நான்தான் சும்மா என்றேன்.

அடுத்த மாதம் நானும் அப்பாவும் உன்னைப் பார்க்க வருகிறோம். கிரீன் கார்டு இருப்பதால் இனி எங்களுக்குக் கனடா விசாவே வேண்டாமாம். எந்த விசாவுக்காக அந்தக் கையெழுத்தைப் போட்டேனோ அதுவே வேண்டாம் என்கிறார்கள். நான்கு நாள் இருப்போம். நீ எப்படிப் பேசினாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஸாரியை எவ்வளவு வேண்டுமானாலும் இழு. கடையில், ஹோட்டலில் நான் பேசி அவர்களுக்குப் புரியவில்லையென்றால், பழைய மாதிரி நீ எனக்காகச் சொல்லிவிடு. எந்த ஊர் உச்சரிப்பிலும் சொல்லு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கால்கரியிலும் விமான நிலையத்துக்குள்ளேயே அமெரிக்க இமிக்ரேஷன் முடிந்துவிடும் என்று அப்பா சொன்னார். திரும்பும்போது நீ எங்களைக் கொண்டுவந்து விடுவாய், கதவு வரைக்கும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருவாய். அதற்கு அப்பால் உன்னை விடமாட்டார்கள். உள்ளே ஒரு அதிகாரி எங்கள் அட்டையை வாங்கிப் பார்த்து, இந்த வாயைக்கொண்டு நான் சொல்லும் அரைகுறைப் பதிலைக் கேட்டுவிட்டு, 'வெல்கம் ஹோம்' என்று சொல்வார். இப்போதெல்லாம் சொல்கிறார்களாம், அட்டை வாங்கிய எல்லாரும் சொல்கிறார்கள். நீ அங்கே நிற்காதே, கவின். பெட்டியைக் கொடுத்ததும் திரும்பிப் பார்க்காமல் காருக்குப் போய்விடு. அவ்வளவு தூரத்துக்கு அது கேட்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போய்விடு.

அம்மா